டாக்டர் கையை விரித்த பிறகு: பாலியேட்டிவ் கேர், ஹாஸ்பிஸ் என்றால் என்ன?

“இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லைங்க, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க.” ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்ட நிமிடத்திலேயே காது அடைத்துக்கொள்ளும், அதற்கு மேல் டாக்டர் என்ன சொன்னாலும் மண்டையில் ஏறாது. என் பெரியம்மா விஷயத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. வீட்டில் ஒருவரைக் கடைசி மூச்சு வரை பார்த்துக்கொண்டதில் தெரிந்துகொண்டதும், அப்புறம் தேடித் தேடிப் படித்ததும்தான் இங்கே எழுதுவது. குணப்படுத்த இனி வழியில்லை என்று டாக்டர் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். அதற்காகச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. வலி இருக்கிறது, மூச்சுத்திணறல் இருக்கிறது, குமட்டல், தூக்கமின்மை, படுக்கைப்புண், பயம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் களைப்பு என்று எல்லாமே அப்படியே இருக்கிறது. இவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது, அதுதான் பாலியேட்டிவ் கேர். தமிழில் நோய்த் தணிப்புச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள்.

பாலியேட்டிவ் கேரும் ஹாஸ்பிஸும் ஒன்றா? இல்லை, ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. கடுமையான நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே பாலியேட்டிவ் கேரை ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் கீமோ, ரேடியேஷன், டயாலிசிஸ் எது நடந்துகொண்டிருந்தாலும் இன்னொரு பக்கம் இதுவும் நடக்கும். ஹாஸ்பிஸ் அதற்குள் அடங்கிய கடைசிக் கட்டம். நோயை எதிர்த்து இனி போராட வேண்டாம், மிச்சமிருக்கும் நாட்கள் நிம்மதியாகப் போகட்டும் என்று முடிவெடுத்த பிறகு கொடுக்கும் பராமரிப்பு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில், நோய் அதன் போக்கில் போனால் 6 மாதத்துக்குள் முடிவு வரலாம் என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்தால்தான் ஹாஸ்பிஸில் சேர்ப்பார்கள். அந்த 6 மாதம் கெடு அல்ல, அதைத் தாண்டியும் இருந்தால் மறுபடி பார்த்துவிட்டு நீட்டிப்பார்கள், வேண்டாம் என்று விலகி மறுபடி சிகிச்சைக்குப் போகவும் செய்யலாம். ஹாஸ்பிஸ் என்றதும் ஒரு கட்டடம் நினைவுக்கு வருகிறது. அப்படிக் கட்டடங்களும் உண்டுதான், ஆனால் பெரும்பாலும் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடாகத்தான் அது நடக்கிறது.

இன்னொரு தப்பான எண்ணம், இது கேன்சர்காரர்களுக்கு மட்டும் என்பது. இதயம் பலவீனமாகிப் படுத்தவர்கள், நுரையீரல் கெட்டுப்போய் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறவர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள், நரம்பு மண்டல நோய்களில் கை கால் வராமல் போனவர்கள், பிறவியிலேயே கடும் நோயோடு வந்த குழந்தைகள் என எல்லோருக்கும் இது வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, கிடைப்பது சுமார் 14 சதவீதத்தினருக்குத்தான்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். சிசிலி சாண்டர்ஸ் என்று லண்டனில் ஒரு பெண்மணி. முதலில் நர்ஸ், முதுகுவலி காரணமாக அந்த வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி கேன்சரில் செத்துக்கொண்டிருந்தார், நாற்பது வயது, சொந்தபந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. சாகிறவர்களுக்கு என்று ஒரு நல்ல இடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1948-ல் அவர் இறந்தபோது சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு எழுதி வைத்திருந்தார். உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தாராம். அந்த ஜன்னலைச் சுற்றி வீட்டைக் கட்ட 19 வருஷம் ஆனது. நர்ஸ் சொன்னால் டாக்டர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நடுவில் மருத்துவம் படித்து, 1957-ல் டாக்டராகவும் ஆனார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது. இன்று நாம் ஹாஸ்பிஸ் என்று சொல்வதன் ஆரம்பம் அதுதான். பாலியேட்டிவ் கேர் என்ற பெயர் வந்தது அதற்கும் பிறகு, 1970-களில். மாண்ட்ரியாலில் பால்ஃபர் மவுண்ட் என்ற அறுவைசிகிச்சை நிபுணர் இதேபோல ஒரு பிரிவைத் தொடங்க நினைத்தார், ஆனால் அங்கே பேசும் பிரெஞ்சில் ஹாஸ்பிஸ் என்றால் ஆதரவற்றோர் விடுதி மாதிரி ஒலிக்கும். அதனால் வேறு சொல் தேடி, பாலியேட்டிவ் என்பதைப் பிடித்தார். லத்தீனில் பாலியம் என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் அங்கி. குளிரை விரட்ட முடியாவிட்டாலும் போர்த்திவிட முடியும் இல்லையா, பெயர் அந்த வகையில் பொருத்தம்தான்.

சாண்டர்ஸ் விட்டுச்சென்ற முக்கியமான விஷயம் மொத்த வலி என்ற கருத்து. எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது ஒரு நோயாளி அவரிடம் முதுகில் ஆரம்பித்து, இப்போது என்னிடம் எல்லாமே சரியில்லை என்கிற மாதிரிச் சொன்னாராம். உடம்பு வலி ஒன்று. இத்தனை நாள் எல்லோருக்கும் செய்துகொடுத்த நான் இன்று எழுந்து கழிவறைக்குப் போகவும் ஆள் வேண்டியிருக்கிறதே என்ற வலி இன்னொன்று. கடன், படிக்கிற பிள்ளை, பேசாமல் இருக்கும் தம்பி, எனக்கு ஏன் இப்படி என்ற கேள்வி, இதெல்லாம் சேர்ந்துதான் ராத்திரி இரண்டு மணிக்கு வலியாக வருகிறது. பகலில் ஆள் நடமாட்டத்தில் பரவாயில்லாமல் இருப்பவருக்கு ராத்திரியில் வலி கூடுவதைப் பார்த்து, இவர் சும்மா படுத்துகிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்திருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. அதனால்தான் இந்தக் குழுவில் டாக்டர், நர்ஸ் தவிர சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட், கேட்டால் மத குருவும்கூட இருப்பார்கள்.

சரி, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்துக்கு வருவோம். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். “மார்ஃபின் ஆரம்பிச்சுட்டாங்களா? அப்போ முடிஞ்சுது” என்று சொந்தக்காரர் ஒருவராவது சொல்வார். அடிமையாகிவிடுவார், மயக்கத்திலேயே போய்விடுவார், சாவைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும் என்று மூன்று பயம். முறையான அளவில், கொஞ்சத்தில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. கடைசி நாட்களில்தான் பலருக்கும் அதை ஆரம்பிக்கிறார்கள், அதனால் மருந்து வந்தது, ஆள் போனார் என்று நம் மனது முடிச்சுப் போட்டுவிடுகிறது. வலிக்காகச் சாப்பிடுகிறவருக்கு உடம்பு மருந்துக்குப் பழகும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது உண்மை. ஆனால் அதுவும் போதைக்காக அலைவதும் வேறு வேறு. வலி குறைந்தால், ரேடியேஷனில் சில சமயம் குறையும், டாக்டர் அளவைப் படிப்படியாக இறக்கிவிடுவார்.

எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். வலி வந்தால் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால், நோயாளி நாள் முழுக்க அடுத்த வலிக்குக் காத்திருப்பார், ஒவ்வொரு முறையும் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது என்பது விதி. சாதாரண மார்ஃபின் மாத்திரையோ சிரப்போ சுமார் 4 மணி நேரம் தாங்கும், ஆகவே வலி இருக்கிறதோ இல்லையோ 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, முந்தின வேளையின் வேகம் இறங்குவதற்குள் அடுத்தது. நடுவில் வலி பீறிட்டால் அதற்கென்று தனியாக ஒரு கூடுதல் வேளை எழுதியிருப்பார்கள், வழக்கமாக ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. முடிந்தவரை வாய் வழியாக, ஊசி கடைசியில்தான். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் கேன்சர் வலிக்கு வெளியிட்ட வழிகாட்டி சொன்னதும் இதைத்தான்: வாய் வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக. ஃபென்டானில் என்ற வலி மருந்தைத் தோலில் ஒட்டும் பேட்ச்சாகக் கொடுப்பதும் உண்டு, பொதுவாக 3 நாளைக்கு ஒன்று. அது ஒரே சீராக இருக்கும் வலிக்கு, திடீர் வலிக்கு ஒட்டிவிட்டுக் காத்திருந்தால் பலன் இருக்காது, வேலை செய்யவே பல மணி நேரம் ஆகும். பேட்ச் மேல் சூடான ஒத்தடம் வைக்காதீர்கள், மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

பக்கவிளைவு உண்டு. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், அது தானாகவே குறையும். குறையாதது மலச்சிக்கல். மற்றதற்கெல்லாம் உடம்பு பழகிக்கொள்ளும், இதற்கு மட்டும் பழகாது. அதனால் மார்ஃபின் எழுதும் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஐந்து நாள் வயிறு போகாமல் கிடப்பவரின் அவஸ்தை பல சமயம் நோயின் வலியை மிஞ்சிவிடும். வலி இல்லாமல் தூங்கினால் போதும் என்று மலமிளக்கியை மறந்துவிட்டு, ஆளே குழம்பிப்போய் உளறும் நிலைக்கு வந்தபிறகு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

வசதி குறைந்த நாடுகளில் இந்த மருந்து கிடைப்பதே பெரும்பாடு. லேன்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த கமிஷன் 2017-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு விநியோகமாகும் மார்ஃபின் வகை வலி மருந்துகள் 298.5 டன், அதில் ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன். இத்தனைக்கும் மார்ஃபின் விலை குறைந்த மருந்து. போதைப்பொருள் பயத்தில் போட்ட சட்டதிட்டமும், எழுதத் தெரிந்த டாக்டர்கள் இல்லாததும்தான் முட்டுக்கட்டை.

மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபினைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள், மூச்சு வாங்குகிறதே என்ற தவிப்பை அது அடக்கும். அதோடு ஒரு சின்ன வித்தை. கையில் பிடிக்கும் பேட்டரி விசிறி ஒன்றை முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்கும் மேலுதடும் இருக்கும் இடத்தில் காற்று படும்படி காட்டினால் திணறல் குறைகிறது, முகத்தில் படும் குளிர்ந்த காற்றை நரம்புகள் மூளைக்குச் சொல்வதால் அப்படி. நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளச் சொல்லி, ஜன்னலைத் திறந்து, சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு ஆக்சிஜன் சிலிண்டரை விட இந்த விசிறி பல நேரம் உதவுகிறது என்றால் நம்ப மாட்டீர்கள். நானும் பெரியம்மாவின் முகம் தளர்வதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சாப்பாட்டு விஷயம் இதை விடக் கஷ்டம், ஏனென்றால் அது அன்பில் போய் முட்டுகிறது. சாப்பிடாததால் ஆள் சாகிறார் என்று நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு, உடம்பு மூடிக்கொண்டு வருவதால்தான் பசி நிற்கிறது. குடலும் சிறுநீரகமும் மெதுவாகிவிட்ட நிலையில் வலுக்கட்டாயமாக ஊட்டினால் புரையேறும், வயிறு உப்பும், வாந்தி வரும். டிரிப்ஸ் போடச் சொல்லிக் கெஞ்சுகிறோம், பல நேரம் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும், மூச்சு இன்னும் சிரமமாகும். டிரிப்ஸே கூடாது என்று சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. வாய் உலர்வதுதான் அவருக்கு நிஜமான தொந்தரவு, அதற்குச் செய்ய வேண்டியது எளிது. சுத்தமான பஞ்சையோ ஸ்பாஞ்சுக் குச்சியையோ தண்ணீரில் நனைத்து, பிழிந்துவிட்டு, உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் மேல் என்று மெதுவாகத் தடவ வேண்டும், மணிக்கு ஒரு தரமாவது. உதட்டில் கொஞ்சம் களிம்பு. கடைசி இரண்டு நாள் பெரியம்மா கண்ணைத் திறக்கவில்லை, ஆனால் ஈரப் பஞ்சு உதட்டில் பட்டதும் குழந்தை மாதிரி அதைச் சப்பினார். ஊட்டிவிட முடியவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பஞ்சுதான் செய்ய ஒரு வேலை கொடுத்தது.

கடைசி நாட்கள் எப்படி இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனாலேயே பயந்துபோய் நடு ராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று விரும்பியவரை ஐசியுவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சொல்லிவிடுகிறேன். தூக்கம் கூடிக்கொண்டே போகும், எழுப்பினாலும் முழிக்க மாட்டார். சிறுநீர் குறைந்து நிறம் அடர்த்தியாகும். கை கால் சில்லிட்டு, முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக வரும். சிலர் இல்லாதவர்களிடம் பேசுவார்கள், துணியைப் பிடித்து இழுப்பார்கள், எழுந்து போகணும் என்று பரபரப்பார்கள். அதற்கும் மருந்து இருக்கிறது, அடக்கிப் பிடிக்க வேண்டாம். மூச்சு தாளம் மாறும்: வேகமாக, ஆழமாகப் போகும், அப்புறம் மெதுவாகி நின்றுவிடும், அரை நிமிடம் கூட நிற்கும், அவ்வளவுதான் என்று நாம் எழுந்திருக்கும்போது மறுபடி ஆரம்பிக்கும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரலாம். கேட்கிற நமக்குக் கொடுமை, ஆனால் விழுங்க முடியாமல் தேங்கிய எச்சிலும் சளியும் காற்றில் அசைவதால் வருவது அது. அந்த நேரத்தில் நினைவு அநேகமாக இருக்காது என்பதால் நோயாளிக்கு அது அவ்வளவு தொந்தரவு தருவதில்லை என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் குறையும், குறையாவிட்டால் சளியைக் குறைக்கும் ஊசி உண்டு. விழுங்க முடியாத நிலையில் மருந்துகளை நிறுத்த வேண்டியதில்லை, சிரிஞ்ச் டிரைவர் என்று ஒரு சின்ன பம்ப், தோலுக்கடியில் மெல்லிய ஊசி வழியாக 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாக வலி மருந்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும்.

பதில் இல்லையே என்று பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். கனடாவில் ஒரு ஹாஸ்பிஸில் இறுதிக் கட்டத்தில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவு தப்பிய பிறகும் சிலருடைய மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியிருந்தது. பேச்சு புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, காதில் விழுந்திருக்கிறது என்று சொல்லலாம். அறையில் நின்றுகொண்டு சொத்து விஷயம் பேசுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

எப்போது கூப்பிடுவது என்ற கேள்விக்கு என் பதில்: நீங்கள் நினைப்பதை விட முன்னால். நுரையீரல் கேன்சர் பரவிய நிலையில் இருந்த 151 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. வழக்கமான கேன்சர் சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் குழுவையும் பார்த்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, வாழ்க்கைத் தரம் மேல், கடைசிக் காலத்தில் உடம்பைப் போட்டுப் படுத்தும் சிகிச்சைகள் குறைவு. எதிர்பாராதது என்னவென்றால் அவர்கள் கூடுதல் நாள் வாழவும் செய்தார்கள், நடுமதிப்பில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். எல்லா நோய்க்கும் இப்படி ஆயுள் கூடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பாலியேட்டிவ் கேருக்குப் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார் என்ற பயத்துக்கு இது நல்ல பதில். பெரியம்மாவுக்கு அந்தப் பேச்சே கடைசி ஒன்பது நாளில்தான் வந்தது. அதற்கு முன் நாலு மாதம் வலியில் புரண்டார், அந்த நாலு மாதமும் இருந்த மருந்துதான் கடைசி ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லி என்ன ஆகப்போகிறது, நாங்களும் கேட்கவில்லை.

நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் வரும் சண்டை. “அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார், சொல்லிடாதீங்க டாக்டர்” என்று நாம் வாசலிலேயே மடக்கிச் சொல்கிறோம். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் நமக்காக நடிக்கிறார், நாம் அவருக்காக நடிக்கிறோம், ஆளுக்கொரு மூலையில் தனியாக அழுகிறோம். போட்டு உடைக்கச் சொல்லவில்லை. இந்தத் துறையில் பழகியவர்கள் முதலில் கேட்பது, “உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு இருக்கு?” என்பதைத்தான். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள், சிலர் மகளிடம் சொல்லிவிடுங்கள் என்பார்கள், இரண்டுமே சரி. பேச முடியும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு: எங்கே இருக்க விருப்பம், மூச்சு நின்றால் நெஞ்சை அமுக்க வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா, உங்களால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது. நோய் முற்றிய உடம்பில் நெஞ்சை அமுக்குவது சினிமாவில் வருகிற மாதிரி இருக்காது, விலா எலும்பு முறியும், பிழைப்பவர்கள் மிகக் குறைவு. வேண்டாம் என்று எழுதி வைப்பதால் மற்ற சிகிச்சை எதுவும் நிற்காது. பாலியேட்டிவ் கேரையே கருணைக்கொலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இல்லை. உயிரை எடுப்பது இதன் வேலையும் இல்லை, இழுத்துப் பிடிப்பதும் இல்லை. எந்த மருந்துக்கும் அடங்காத துன்பத்துக்கு அளவாக மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதும் துன்பத்தைக் குறைக்கத்தான்.

பார்த்துக்கொள்கிறவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்திரி மூன்று முறை எழுந்து புரட்டிப் போடுகிற, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்கையில் இடம் மாற்றாவிட்டால் முதுகில் புண் வந்துவிடுமே என்று அலாரம் வைத்துக்கொள்கிற அந்த ஒரு ஆளைத்தான் சொல்கிறேன், பெரும்பாலும் மனைவி அல்லது மகள். நல்ல பாலியேட்டிவ் குழு அவரையும் நோயாளி மாதிரியே கவனிக்கும். இரண்டு மூன்று நாள் நோயாளியைத் தாங்கள் வைத்துக்கொண்டு அவரைத் தூங்க அனுப்பும் ஏற்பாடுகூடச் சில இடங்களில் உண்டு. ஆள் போன பிறகும் அது முடிவதில்லை. பெரியம்மா போய் மூன்று வாரம் கழித்து, மருந்து பம்ப்பை மாட்டிவிட்டுப் போன அதே நர்ஸ், பெரியம்மாவைப் பார்த்துக்கொண்ட என் அக்காவிடம் போனில் பேசினார். எங்களுக்கு ஏதோ பேப்பர் வேலை பாக்கி என்று நினைப்பு. அவர் கேட்டது, “நீங்க இப்போ ராத்திரி தூங்குறீங்களா?” அக்கா, இன்னமும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் முழிப்பு வந்துவிடுகிறது என்றார்.